விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் மாமாவைத் தேடிய பொழுது

எங்கள் சபையில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் கீத ஆராதனை நடக்கும். விளக்குகளை அணைத்துவிட்டு ஆளுக்கொரு மெழுகுவர்த்தியோடு நின்று பாடுவோம். மெழுகு கையில் சொட்டுகிறது, புதுச் சேலையில் சொட்டுகிறது என்று வருடா வருடம் புகார் வரும். இந்த முறை மெழுகுவர்த்தியைச் செருகிப் பிடித்துக்கொள்ளச் சின்னப் பீங்கான் கிண்ணங்கள் வாங்கலாம் என்று சபைப் பெண்கள் முடிவு செய்தபோது, விருத்தாசலத்துக்கு நானே போய் வருகிறேன் என்று கையைத் தூக்கினேன். திருச்சியிலிருந்து சுமார் நூற்றிருபது கிலோமீட்டர்தான். ரயிலில் இரண்டு, இரண்டரை மணி நேரம். காலையில் கிளம்பினால் மாலைக்குள் வீடு. ஒருநாள் ரயில் பயணங்களைப் பற்றித்தானே இந்தப் பக்கத்தில் எழுதி வருகிறேன், கிண்ணமும் ஆயிற்று, பதிவும் ஆயிற்று என்று கணக்குப் போட்டேன். நவம்பர் கடைசி வாரம், ஒரு வியாழக்கிழமை புறப்பட்டோம்.

புறப்பட்டோம் என்று சொன்னேன் அல்லவா, என்னோடு மாமாவும் வந்தார். மாமா என்றால் என் கணவர் ஜான்சனின் அப்பா. போதகராக ஊழியம் செய்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தெட்டு. நெடுநெடுவென்று உயரம், வெள்ளை முழுக்கைச் சட்டை, வெள்ளை வேட்டி. தெருவில் நடந்தால் மாற்று மதத்தவர்கள்கூட வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்வார்கள். கல்யாணம் பேசுவதற்கு முன்னால், வீடு கட்டுவதற்கு முன்னால், சொத்தைப் பிரிப்பதற்கு முன்னால், “ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு” என்று எங்கள் வீட்டுக்கு வருவார்கள். தாழ்மையைப் பற்றியும் கீழ்ப்படிதலைப் பற்றியும் அவர் பிரசங்கம் செய்து நான் நிறையக் கேட்டிருக்கிறேன். வீட்டில் மட்டும் அவர் யார் சொல்லையும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியம் யாரும் வைத்ததுமில்லை.

அந்த மாமாவுக்கு ஒரு வருடத்துக்கு மேலாக ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. மருத்துவர் அதற்கு ஒரு பெயரும் சொல்லி மாத்திரையும் கொடுத்தார். போகப் போகக் கூடும், குறையாது என்றார். இது எனக்கும் ஜான்சனுக்கும் மட்டும்தான் தெரியும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். வெளியே சொல்ல ஜான்சனுக்கு மனம் வரவில்லை. “அப்பாவ யாரும் பரிதாபமாப் பாக்க விடமாட்டேன்” என்பார். எனக்கும் அதில் சம்மதம்தான். போதகர் வீட்டு மருமகள் என்ற மரியாதை எனக்கும் பிடித்திருந்தது, அதை இங்கே மறைப்பானேன்.

அதற்கு முந்தைய வாரம்தான் மாமா டீ போடுகிறேன் என்று கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்காமல் போய்ப் படுத்துவிட்டார். ஜான்சனுக்கு அலுவலகத்தில் விடுப்பு கிடைக்கவில்லை. அவரை வீட்டில் தனியாக விட எனக்குப் பயம். பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம், ஆனால் ஏன் என்று காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அதனால்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

திருச்சியில் ஏழரை மணி சுமாருக்கு ரயில். முன்பதிவில்லாப் பெட்டியில் இருவருக்கும் ஜன்னல் பக்கம் எதிரெதிராக இடம் கிடைத்தது. கொள்ளிடம் தாண்டும்போது நல்ல மேகமூட்டம். லால்குடி வரைக்கும் மாமா சந்தோஷமாகத்தான் இருந்தார். அரியலூர் வருவதற்குள் எங்கே போகிறோம் என்று திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவையும் புதுசாகக் கேட்பதுபோலவே கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்” என்று அவளிடம் சொல்லிவிட்டு, அதற்குப் பொருத்தமாகச் சத்தம் போட்டுப் பதில் சொல்லத் தொடங்கினேன். பெண்ணாடம் தாண்டியபோது தூறல் விழுந்தது. ஜன்னலை இறக்கிவிட்டேன். பேசாமல் அடுத்த ரயிலில் திரும்பிவிடலாமா என்று விருத்தாசலம் பிளாட்பாரத்தில் கால் வைக்கும்போதே தோன்றியது.

விருத்தாசலம் பெரிய ஜங்ஷன். சேலம் பக்கம், கடலூர் பக்கம், சென்னை பக்கம் எல்லாம் இங்கிருந்து பிரிகிறது. புதிதாக வருகிறவர்கள் எந்த வாசல் வழியாக வெளியே வர வேண்டும் என்று கேட்டுக்கொள்வது நல்லது. வாசலில் ஆட்டோக்கள் நிற்கும். பீங்கான் தொழிற்பேட்டைக்கு நூறு ரூபாய் கேட்டார்கள். எங்களை ஏற்றிக்கொண்டவர் பெயர் ராஜவேலு, நாற்பத்தைந்து வயது இருக்கும். திரும்பிவர வண்டி வேண்டுமானால் கூப்பிடுங்கள் என்று அவராகவே என் எண்ணைக் கேட்டு ஒரு மிஸ்டு கால் கொடுத்தார்.

வழியில் பழமலைநாதர் கோயில் கோபுரம் தெரிந்தது. மாமா அதைப் பார்த்துவிட்டு, “ஸ்ரீரங்கம் வந்தாச்சா? எறங்கணும், நிறுத்து” என்று எழுந்திருக்கப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். ராஜவேலு கண்ணாடியில் பார்த்தபடி வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

“ஐயாவுக்கு ஒடம்பு எதுனா முடியலீங்களா?” என்று கேட்டார்.

“அவருக்கு ஒண்ணும் இல்ல. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க” என்றேன்.

சொன்ன விதம் எனக்கே கடுமையாகத்தான் பட்டது. பேட்டை வாசலில் இறங்கியபோது, காத்திருக்கட்டுமா என்று மட்டும் அவர் கேட்டார். தேவையில்லை என்று அனுப்பிவிட்டேன். இன்னொரு முறை அந்தக் கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை.

பீங்கான் பேட்டை என்பது ஒரே தொழிற்சாலை இல்லை. குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்னச் சந்துகள், சந்துக்குச் சந்து தகரமும் ஓடும் வேய்ந்த கொட்டகைகள். ஒன்றில் பொம்மை, ஒன்றில் மின்சார ஃபியூஸ் கட்டை, ஒன்றில் டீ கப். வெளியே பலகைகளில் சுடாத பொம்மைகளைக் காயவைத்திருப்பார்கள். அன்று தூறலால் எல்லாவற்றையும் அவசரமாக உள்ளே எடுத்துக்கொண்டிருந்தார்கள். குடில் வைப்பதற்கான யோசேப்பு, மரியாள், ஆட்டுக்குட்டிகள் எல்லாம் வர்ணம் இல்லாமல் வெள்ளையாகப் பலகையில் படுத்தபடி போவதைப் பார்த்தேன். வேறொரு நாளாக இருந்தால் நின்று படம் எடுத்திருப்பேன்.

கிண்ணம் விற்கும் கடை முன்பக்கத்திலேயே இருந்தது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மாமாவை உட்காரவைத்தார்கள். இங்கேயே இருங்கள், இதோ வந்துவிடுகிறேன் என்று சொன்னேன். அவரும் தலையாட்டினார். உள்ளே போய் வெள்ளையா, நீலமா, மெழுகுவர்த்தி நிற்கக் குழி எவ்வளவு ஆழம் என்று பேசிக்கொண்டிருந்தேன். இடையில் ஒருமுறை எட்டிப் பார்த்தேன், இருந்தார். அடுத்த முறை பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

முதலில் நான் ஓடவில்லை. இதை எழுத வேண்டும் என்றுதான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். கடைக்காரர் முன்னால் பதற்றத்தைக் காட்டக் கூடாது என்று மெதுவாகத்தான் நடந்தேன். பக்கவாட்டில் ஒதுங்கப் போயிருப்பார் என்று பார்த்தேன். அங்கே இல்லை. அடுத்த சந்து. அதற்கடுத்த சந்து. பிறகுதான் நடை ஓட்டமானது. ஒவ்வொரு கொட்டகை வாசலிலும் நின்று, “உயரமா, வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு ஒரு பெரியவர், போதகர் ஐயா, பாக்க நல்லா மரியாதையா இருப்பார், இந்தப் பக்கம் வந்தாரா?” என்று கேட்டேன். இல்லை என்றார்கள். ஒரு கொட்டகை வாசலில் வாட்ச்மேன், “அந்த மாதிரி பெரிய மனுசங்க யாரும் வரலீங்களே” என்றார்.

பேட்டைக்கு வெளியே ரோட்டோரம் ஒரு டீக்கடை. அங்கேயும் கேட்டேன். வெள்ளை வேட்டி சட்டையில் உயரமான ஒருவர், பார்க்கக் கௌரவமானவர், சற்று முன்புதான் சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் ஏறினார் என்று டீ ஆற்றிக்கொண்டே சொன்னார் கடைக்காரர். சேத்தியாத்தோப்பு எங்கே இருக்கிறது என்பதே எனக்குச் சரியாகத் தெரியாது. வெள்ளாற்றுப் பாலம் இருக்கிற ஊர் என்று மட்டும் ஞாபகம். பாலம், ஆறு, மழைத் தண்ணீர் என்று மனம் எங்கெங்கோ போயிற்று. அவர் சட்டைப்பையில் விலாசம் எழுதிய சீட்டு ஒன்றுகூட இல்லை. செல்போனையும் அவரே எங்காவது வைத்துவிடுகிறார் என்று நான்தான் என் பையில் போட்டிருந்தேன்.

ஜான்சனைக் கூப்பிட்டேன். அடுத்த ரயிலைப் பிடித்து வருகிறேன் என்றார். சபை வாட்ஸ்அப் குழுவில் மாமாவின் படத்தைப் போட்டு உதவி கேட்கிறேன், விருத்தாசலத்தில் யாருக்காவது ஆள் தெரிந்திருக்கும் என்றேன். அதற்கு அவர் ஒப்பவில்லை. போலீஸுக்கு வேண்டுமானால் போ, சும்மா வழி தவறிவிட்டார் என்று சொல், நோய் என்று சொல்லாதே, சபையில் மட்டும் போடாதே என்றார். “அப்பா தலைகுனிஞ்சு நிக்கிற மாதிரி ஆயிடும் மெர்சி. நான் வர்ற வரைக்கும் பொறு” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர் வந்து சேர மாலை ஆகிவிடும்.

டீக்கடைக்குப் பக்கத்தில் மூடியிருந்த ஒரு கொட்டகையின் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றேன். தூறல் வலுத்திருந்தது. ஜெபம் செய்தேன். ஜெபம் என்றால் வார்த்தை ஒன்றும் வரவில்லை, ஆண்டவரே ஆண்டவரே என்றுதான். கர்த்தர் என்னோடு பேசினார் என்று எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. அப்படிச் சொல்கிறவர்களைப் பார்த்து எனக்கே உள்ளுக்குள் சந்தேகம் வரும். ஆனால் அந்த இடத்தில் ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. உள்ளதைச் சொல். அவ்வளவுதான். அந்த ஆட்டோக்காரரிடம் சொல், சபையாரிடம் சொல், கேட்கிற எல்லாரிடமும் சொல்.

நான் உடனே கீழ்ப்படியவில்லை. அந்த நேரத்திலும் மனம் வாதாடியது. கணவர் வேண்டாம் என்கிறாரே, கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று மாமாவே எத்தனை கல்யாணத்தில் சொல்லியிருக்கிறார் என்றது. ஆட்டோக்காரர் என்ன நினைப்பார் என்றது. பஸ்ஸைத் துரத்திக்கொண்டு நீயே போகலாமே, யாரையும் கேட்க வேண்டாமே என்றது. அந்தக் கடைசி யோசனை மிகவும் வசதியாக இருந்தது. ஒரு டாக்ஸி கிடைக்குமா என்று போனில் தேடக்கூட ஆரம்பித்தேன். எழுத்துகள் தப்புத் தப்பாக விழுந்தன. அழுகை வந்தது. யாருக்காக இதையெல்லாம் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. மாமாவுக்காக என்றால், மாமா அந்த நேரம் எங்கே நனைந்துகொண்டிருக்கிறாரோ.

மிஸ்டு கால் வந்த எண்ணைத் தேடி அழுத்தினேன்.

“அண்ணே, காலையில பேட்டைக்கு ஏத்திக்கிட்டு வந்தீங்களே, அந்தம்மா பேசுறேன். எங்க மாமாவக் காணோம். அவருக்கு மறதி நோய் இருக்கு. நீங்க கேட்டப்ப நான் இல்லைன்னு பொய் சொல்லிட்டேன். எனக்கு இங்க யாரையும் தெரியாது.”

அவர் ஏதாவது சொல்வார், சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

“எந்த எடத்துல நிக்கிறீங்க?” என்றார். டீக்கடையைச் சொன்னேன். “அங்கியே இருங்க. நவுராதீங்க. வரேன்.”

அவர் வருவதற்குள் சபைக் குழுவில் எழுதினேன். மாமாவுக்கு ஞாபக மறதி நோய் இருக்கிறது, ஒரு வருடமாக நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை, இன்று விருத்தாசலத்தில் அவரைத் தொலைத்துவிட்டேன், ஜெபியுங்கள், இங்கே தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். எழுதியதைத் திரும்பப் படித்தால் அழித்துவிடுவேன் என்று படிக்காமலே அனுப்பினேன். பிறகு ஜான்சனுக்கு, “போட்டுட்டேங்க, மன்னிச்சுக்கோங்க” என்று தனியாக ஒரு செய்தி. அவர் படித்துவிட்டதாக நீல நிற டிக் விழுந்தது.

ராஜவேலு வந்ததும் முதலில் பஸ் விஷயத்தைச் சொன்னேன். அவர் யாரையோ போனில் பிடித்து, அவர் மூலம் இன்னொருவரைப் பிடித்து, அந்த பஸ் கண்டக்டரிடமே பேசிவிட்டார். பஸ்ஸில் இருந்தது சேத்தியாத்தோப்பில் நெல் வியாபாரம் செய்கிற வேறொருவர். கண்டக்டருக்குத் தெரிந்தவர்தான். எனக்கு நிம்மதிப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. அப்படியானால் இவர் எங்கே?

“நடந்துதானங்க போயிருப்பாரு, ரொம்பத் தூரம் போயிருக்க முடியாது. மொதல்லேருந்து ஒருக்கா கேட்டுப் பாத்துருவோம். இன்னும் ஒரு அவர்ல கெடைக்கலன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துருவோம்” என்றார் ராஜவேலு.

திரும்பவும் பேட்டைக்குள் போனோம். நான் கேட்ட அதே கொட்டகைகள், அதே ஆட்கள். ஆனால் அவர் கேட்டது வேறு மாதிரி இருந்தது. போதகர் என்றோ மரியாதையானவர் என்றோ அவர் சொல்லவில்லை. எனக்கு இல்லை என்று சொன்ன அதே வாட்ச்மேனிடம் போய், “அண்ணே, ஞாபகம் இல்லாத ஒரு வயசானவரு, தொணக்கி ஆளு இல்லாம, வழி தெரியாம திரிஞ்சாரா?” என்று கேட்டார்.

“அந்தத் தாத்தாவா? உள்ள பொம்பளைங்களோடதான் குந்திகினு இருக்காரு” என்றார் வாட்ச்மேன். “யாரு எவருன்னு தெரியல. விசாரிச்சிட்டு வரேன்னு சூப்பர்வைசரு பஸ் ஸ்டாண்டு பக்கம் போயிருக்காரு.” பிறகு என்னைப் பார்த்தார். “நீங்க போதகருன்னுதானம்மா கேட்டீங்க?”

நான் உள்ளே ஓடினேன்.

நீளமான கொட்டகை. கீழே சாக்கு விரித்து ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அச்சில் வார்த்து எடுத்த பொம்மைகளில் இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் ஒரு கோடு துருத்திக்கொண்டிருக்கும். அதை ஈரமான பஞ்சால் தேய்த்து எடுப்பதுதான் அவர்கள் வேலை. நடுவில் மாமா. சட்டை இல்லை, பனியனோடு. வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருந்தார். முழங்கை வரை வெள்ளைக் களிமண். மடியில் ஒரு ஆட்டுக்குட்டி பொம்மை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அஞ்சலை என்ற பெண், “மெதுவா, மெதுவா. இப்பிடித் திருப்பிக்கிங்க” என்று சொல்லச் சொல்ல, அவர் அப்படியே திருப்பினார். அவள் போதும் என்றதும் நிறுத்தினார். அடுத்ததை அவள் கையில் கொடுத்ததும் வாங்கிக்கொண்டார்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி இல்லை. ஐயோ, பனியனோடு இருக்கிறாரே என்றுதான் வந்தது. அவர் சட்டையைத் தேடி என் கண் சுற்றியது. ஓரத்தில் ஒரு கொடியில் மடிப்புக் கலையாமல் தொங்கிற்று. அதன்பிறகுதான் அவர் எதிரே சாக்கில் உட்கார்ந்தேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். யார் என்று தெரியவில்லை. வேலைக்குப் புதிதாக வந்தவள் என்று நினைத்துக்கொண்டார் போல. “இந்தம்மா சொல்றபடி செய்ங்க” என்றார் என்னிடம். “ரொம்ப அழுத்தக் கூடாது. உடைஞ்சிடும்.”

“சரிங்க மாமா” என்றேன்.

நடந்ததை அஞ்சலை சொன்னாள். தூறலில் நனைந்துகொண்டு வாசலில் வந்து நின்றாராம். ஆராதனைக்கு நேரமாகிவிட்டது, வழி விடுங்கள் என்று கேட்டாராம். பேச்சு முன்னுக்குப் பின் முரணாக இருந்ததால் இவர்களே உள்ளே கூப்பிட்டு, நனைந்த சட்டையைக் கழற்றிக் காயப்போட்டு, டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஊர் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நொடிக்கு ஒருதரம் எழுந்து கிளம்பப் பார்த்திருக்கிறார். “ரோட்டுல லாரி போவுது. வுட்டா எங்கனா போயிடுவாரு. அதான், ‘ஐயா, இத மட்டும் தொடைச்சிக் குடுத்துட்டுப் போலாம்’னு ஒண்ணு எடுத்துக் குடுத்தேன். குந்திட்டாரு” என்றாள். “சொன்ன பேச்சு நல்லாக் கேக்குறாருங்க.”

எங்கள் வீட்டில் யாரும் அவரைப் பற்றி அப்படிச் சொல்லக் கேட்டதில்லை.

அவசரப்பட்டு எழுப்ப வேண்டாம் என்றாள் அவள். கையிலிருப்பதை முடிக்கட்டும் என்று நானும் ராஜவேலுவும் காத்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து மாமா என்னை மறுபடி பார்த்து, “மெர்சி, எப்ப வந்த? ஜான்சன் எங்க?” என்றார். அப்போதுதான் எனக்கு வாய்விட்டு அழுகை வந்தது. அஞ்சலை அவர் கையைக் கழுவிவிட்டாள். சட்டை மாட்டிவிட நான் கையை நீட்டினேன். வழக்கமாக என் கையைத் தட்டிவிடுவார். அன்று சும்மா நின்றார். அவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று பையைத் திறந்தபோது, அஞ்சலை கோபித்துக்கொள்ளாமல் பையின் ஜிப்பை அவளே மூடினாள். மாமா மட்டும் போகும்போது அந்தப் பெண்களைப் பார்த்துக் கும்பிட்டார். கும்பிடு வாங்கிப் பழகிய அந்தக் கை இப்படிக் குவிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பன்னிரண்டு மணி வாக்கில் ஸ்டேஷனுக்குத் திரும்பினோம். ரயில் வரும்வரை ராஜவேலு எங்களோடு பிளாட்பாரத்திலேயே இருந்தார். நான் காலையில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். “வுடுங்கம்மா. வூட்டு வெசயத்த ரோட்டுல போறவங்கிட்ட யாரு சொல்லுவாங்க” என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. ஆட்டோ வாடகையை மட்டும் சரியாக வாங்கிக்கொண்டார்.

ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் சபைக் குழுவைத் திறக்கத் தைரியம் வந்தது. கிடைத்துவிட்டார் என்று நான் போட்டிருந்த ஒரு வரிக்குக் கீழே நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். ஸ்தோத்திரம் என்றும், அழுகிற முகங்களும் நிறைய. எங்கள் சபையில் மணியடித்து ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கும் கோயில் பிள்ளையாக வேலை செய்கிற தேவதாஸ் அண்ணன் தனியாக எழுதியிருந்த செய்தியைப் படித்ததும் என் மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஐயா தெரு மாறி நிற்பதை அவர் முன்பே சில தடவை பார்த்து, நடந்து போகிற மாதிரி கூடவே வந்து எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். சபையில் பாதிப் பேருக்குத் தெரியும் தங்கச்சி, நீங்களாகச் சொல்லும்வரை பொறுத்திருந்தோம் என்று முடித்திருந்தார்.

ஆக, நாங்கள் மறைத்தது யாரிடமிருந்தும் இல்லை. எல்லாரும் எங்களுக்காகப் பார்க்காததுபோல் நடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். உதவி செய்ய நினைத்தவர்களையும் ஒளிந்து ஒளிந்து உதவி செய்யவைத்திருக்கிறோம்.

மாமா கிடைத்துவிட்டார் என்று தெரிந்ததும், ஜான்சன் விருத்தாசலம் கிளம்பாமல் திருச்சி பிளாட்பாரத்திலேயே காத்திருந்தார். கோபமா என்று அவர் முகத்தைப் பார்க்கவும் பயமாக இருந்தது. மாமாவைக் கைப்பிடித்து இறக்கினார். ஆட்டோவில் ஏறி வெகுதூரம் போன பிறகு, “நான் சொன்னபடி நீ கேட்டிருந்தா” என்று ஆரம்பித்தார். முடிக்காமலே அப்பாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நேரத்தில் அவரே எழுந்து நின்று மாமாவின் நிலைமையைச் சபையில் சொன்னார். குரல் உடைந்தது. ஆனாலும் முழுக்கச் சொல்லி முடித்தார்.

தாழ்மை என்றால் பின்வரிசையில் உட்காருவது, பெயர் போட்டுக்கொள்ளாமல் காணிக்கை கொடுப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதெல்லாம் எனக்குச் சுலபமாக வரும். என் வீட்டில் என்ன குறை என்பதை ஒரு ஆட்டோக்காரரிடம் சொல்வதுதான் வரவில்லை. கீழ்ப்படிதலும் அப்படித்தான். எங்கேயோ தூர தேசத்துக்கு ஊழியத்துக்குப் போ என்று கடவுள் சொன்னால் என்ன செய்வோம் என்று இளம் வயதில் பேசிக்கொண்டிருப்போம். எனக்குச் சொல்லப்பட்டது ஒரு போன் எண்ணை அழுத்து என்பதுதான். அதற்கே அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன். மாமா சீக்கிரம் கிடைத்ததால் நான் சொன்னது சரியாகப் போயிற்று என்று எழுதவில்லை. கிடைக்காமலும் போயிருக்கலாம். அந்த நினைப்பு இன்னும் என்னை விடவில்லை. சமையலறையில் நிற்கும்போது கேட் கிறீச்சிட்டால் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுகிறேன்.

விருத்தாசலம் போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். பீங்கான் வாங்க மழைக்காலம் அவ்வளவு தோதில்லை. பொருள் காய நாளாகும், கேட்டது கையில் இருக்காது. எங்களுக்கே கிண்ணங்கள் அடுத்த வாரம் பார்சலில்தான் வந்தன. கடைகள் பத்து மணிக்கு மேல்தான் சுறுசுறுப்பாகும். மதியச் சாப்பாட்டுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்விடுங்கள். கோயில் பார்க்க வேண்டுமானால் காலையிலேயே பார்த்துவிட்டுப் பேட்டைக்கு வாருங்கள்.

மறதி உள்ள பெரியவர்களோடு போகிறவர்களுக்கு: அவர்கள் சட்டைப்பையில் பெயரும் உங்கள் போன் எண்ணும் எழுதிய அட்டை ஒன்று கட்டாயம் இருக்கட்டும். கிளம்பும்போதே அன்றைய உடையில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். காணவில்லை என்றால் மெதுவாக நடக்காதீர்கள், உடனே சத்தம் போடுங்கள். அவர் யாராக இருந்தார் என்பதைச் சொல்லித் தேடாதீர்கள், இப்போது எப்படி இருக்கிறார் என்பதைச் சொல்லித் தேடுங்கள். ரயிலேறும்போது பக்கத்தில் இருப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாகச் சொன்னது எனக்கு இன்னும் பழகவில்லை. போன வாரம் மாமாவை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போக டவுன் பஸ்ஸில் ஏறினோம். நல்ல கூட்டம். பெண்கள் சீட்டில் ஒரு கல்லூரி மாணவி உட்கார்ந்திருந்தாள். குனிந்து, “எங்க மாமாவுக்கு மறதி இருக்கும்மா. நான் டிக்கெட் எடுத்துட்டு வர்ற வரைக்கும் கொஞ்சம் பாத்துக்கிறியா?” என்றேன். அவள் எழுந்துகொண்டு ஜன்னலோர இடத்தைக் காட்டினாள்.

“இங்க உக்காருங்க தாத்தா.”

மாமா உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் நின்று அவர் தோளில் கையை வைத்துக்கொண்டாள்.